வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே

இன்ஜினின் உச்சியில் உட்காரும் அந்த சிலிண்டர் ஹெட்டில், ஒன்றுக்கொன்று சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு உருப்படிகூடக் கிடையாது. அலுமினிய வார்ப்பு, பிள்ளைகுட்டிகளோடு கடைக்குப் போய்வரும் ஒரு சாதுவான காரிலிருந்து வந்தது. காற்றை உள்ளே விடுகிற வால்வுகள் அதே கம்பெனியின் பெரிய இன்ஜினைச் சேர்ந்தவை. தலை ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலம். ஸ்பிரிங்குகள் மோட்டார் சைக்கிளுக்காகப் பிறந்தவை. வால்வுகளை அழுத்தித் திறக்கிற கேம் தண்டுகள், யாரோ ஒரு பந்தயக்காரர் பெண்டாட்டி போட்ட சத்தத்தில் பந்தயத்தையே விட்டபோது கழற்றிக் கொடுத்தவை. மேல்மூடி நீல நிறம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. இத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொள்ளாமல் குடித்தனம் நடத்த வைக்க மெக்கானிக் பத்தொன்பது நாள் பாடுபட்டிருந்தார்.

அசல் ஹெட்டு வெடித்துப்போய் மூலையில் கிடந்தது. புதியது கப்பலில் வர மூன்று மாதம் என்றார்கள். மலைப்பாதைப் பந்தயமோ சனிக்கிழமை.

காரை ஓட்டப்போவது மெக்கானிக்கின் மகள். வயது இருபத்திரண்டு. சனிக்கிழமை காலை, பெரிய பந்தய அணி ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்து மலையடிவாரத்தில் நிற்பார். எல்லோரையும் பார்ப்பார். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வார். அதற்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கார் அடிவார மைதானத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஆறு அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் யார் போய் நின்று அழுதாலும் திறப்பதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

வீடு ஒன்றுதான், தொழில் இரண்டு. முன்பக்கம் தகரக் கொட்டகை, மெக்கானிக்குடையது. பின்பக்கம் அடுப்பறை, அவர் மனைவியுடையது. தினமும் இருபத்துநான்கு ரொட்டி சுட்டுத் தெருவுக்கே கொடுக்கிறவள். நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் மாவு வரக்கூடாது, அந்தப் பக்கம் கிரீஸ் போகக்கூடாது என்பது கல்யாணமான முதல் வாரத்தில் ஏற்பட்ட ஒப்பந்தம். இருந்தாலும் அவ்வப்போது ஏதாவது ஒரு ரொட்டியின் முதுகில் கறுப்புக் கட்டைவிரல் ரேகை விழுந்திருக்கும். வாங்குகிறவர்கள் அதைக் கடை முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் இறங்கிப் போய்விடுவார். அதனால் தெருவில் அவருக்கு 'அரைச்சொல்' என்று பெயர். அந்த மீதிப் பாதியையும் சேர்த்துப் பேசுவதற்கென்றே கடவுள் அனுப்பியவர் போல இருந்தார் அவருடைய மச்சினர், ரொட்டிக்காரியின் அண்ணன். எந்தக் காலத்திலோ வெளியூரில் மூன்று வாரம் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். பயிற்சி எதைப் பற்றியது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். கோட்டுப் போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வருவார். "கோட்பாட்டு ரீதியா பார்த்தா" என்று ஆரம்பித்தாரென்றால் பக்கத்திலிருப்பவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். தெரு அவருக்கு வைத்த பெயர் 'நிபுணர்'. கிண்டல் என்பது தெரியாமல் அவரும் அதையே கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

காலையில் மெக்கானிக், ஹெட்டுக்கு அடியில் தகடாக வைக்கிற கேஸ்கட் வாங்க உதிரிபாகக் கடைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது மச்சினரிடம் ஒரு அரை வாக்கியமும் மனைவியிடம் ஒரு அரை வாக்கியமும் சொன்னார். சேர்த்துப் பார்த்தால் செய்தி இதுதான்: வால்வு பெரிசு, ஹெட்டையும் சீவியிருக்கிறது, வால்வு இறங்கும்போது பிஸ்டனுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, பழைய கேஸ்கட்டைப் போட்டு ஹெட்டை ஏற்றி, கையால் இன்ஜினை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினால், வால்வு அமுக்கிய இடத்தில் களிமண் எவ்வளவு கனமோ அதுதான் இடைவெளி. டப்பாவிலிருந்த களிமண் கல்லாகிவிட்டது. குழந்தைகள் விளையாடுகிற களிமண் கடையிலிருந்து வாங்கி வருகிறேன். அதுவரை தொட வேண்டாம்.

"தொட வேண்டாம்" என்பதைத்தான் அவர் முழுசாகச் சொன்னார். நிபுணர் காதில் விழாமல் போனதும் அதுதான்.

ஒன்பது மணி சுமாருக்கு ரொட்டிக்காரி மாவைத் தராசில் வைத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று சரியாக வந்தது. இருபத்துநான்காவது பாதிதான் நின்றது. முப்பது வருஷத்தில் அவள் கை இப்படித் தப்பியதில்லை. கதவருகே போய்ப் பார்த்தாள்.

"அண்ணே, மாவுல கைவச்சியா?"

"ஒரு பிடி எடுத்தேன், தங்கச்சி. ஆராய்ச்சிக்கு."

"பசிச்சா கேட்டு வாங்கித் தின்ன வேண்டியதுதானே?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது. நீ அடுப்பைப் பாரு."

அடுப்பு காந்திக்கொண்டிருந்தது. அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஏதோ ஓட்டையை அடைக்கப் போகிறான் என்று நினைத்ததோடு சரி. இந்த ஒரு நினைப்பை அன்றைக்குப் பல தடவை அவள் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மதியம் இரண்டரை மணிக்குக் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைச் சேர்த்தது நிபுணர்தான். கார் ஓட்டுவோர் சங்கத்தின் தலைவரை வரவழைத்திருந்தார். தலைவர் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, எதிலும் சாய்ந்துவிடாமல், எதையும் தொட்டுவிடாமல் நின்றார். தகரம் அனலைக் கக்கியது.

"பதினாறு வால்வு," என்றார் நிபுணர். "அஞ்சு குடும்பத்துப் பாகங்கள். உலகத்துல எந்த இன்ஜினியரும் முடியாதுன்னு சொல்லுவான். கோட்பாட்டு ரீதியா பார்த்தா..."

"மாமா, மணி ஆகுது," என்றாள் மகள், ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து. பந்தய உடுப்பின் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள். முகம் வியர்வையில் மின்னியது.

"பாதுகாப்பு இடைவெளி, தலைவரே, ரெண்டு புள்ளி ஒண்ணு! வேண்டியது ஒண்ணரைதான். அளந்தவன் நான்." சுவரில் சாக்பீஸால் எழுதி வட்டம் போட்டிருந்த 2.1-ஐக் காட்டினார். தலைவர் அது என்னவென்று தெரியாமலே தலையாட்டினார். அவர் அந்தப் பதவிக்கு வந்ததே அந்தத் திறமையால்தான்.

மெக்கானிக் மகளைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அவள் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. முதலில் கரகரவென்று, பிறகு ஒரே சீராக. ஆளாளுக்கு வேறு வீட்டில் வளர்ந்த அந்தச் சாமான்கள் பிறந்ததிலிருந்தே ஒன்றாகப் பாடியவை போல முழங்கின. தெரு கைதட்டியது. மெக்கானிக்கின் கண் கலங்கியது. துடைக்கப் போய்க் கன்னத்தில் கிரீஸ் பூசிக்கொண்டார்.

ரொட்டிக்காரி அப்போதுதான் ஒரு தட்டு ரொட்டியோடு கதவைத் தாண்டி வந்தாள். தட்டை எங்கே வைப்பது என்று பணிமேசையில் இடம் தேடினாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடி. அதில் மாவு.

அவளுடைய மாவுதான், சந்தேகமில்லை. வட்டமாக, பிஸ்டன் தலையளவில். மேலே பிறை பிறையாக வால்வு பதிந்த தடம். நடுவில் பிளேடால் கீறிய வெட்டு. ஆனால் தடத்தின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. வெட்டின் இரண்டு உதடும் பிதுங்கி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி மொத்தமும் உப்பியிருந்தது. விரலால் அமுக்கினாள். பள்ளம் விழுந்தது. மெதுவாக மேலே எழும்பி வந்தது.

ரொட்டித் தட்டை அப்படியே மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே," என்றாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டே போய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே! என் மாவை வச்சா அளந்தே?"

"களிமண்ணுக்கும் மாவுக்கும் என்னம்மா வித்தியாசம்? ரெண்டும் அமுங்குது."

"எத்தனை மணிக்கு அமுக்கினே?"

"ஒம்பதேகால் இருக்கும்."

"அளந்தது எப்போ?"

"இது என்ன போலீஸ் விசாரணை? ஹெட்டைக் கழட்டி வச்சேன், தலைவருக்கு போன் பண்ணேன், பேச வேண்டியது இருந்துது, அப்புறம் சாவகாசமா..."

"எப்போண்ணே?"

"பத்தரை."

அவள் திரும்பினாள். புருஷன் இன்ஜின் மேல் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாள் கழித்து அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். பேசுவதற்கு முன்னால் அந்த முகத்தை ஒரு மூச்சு நேரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தோளைத் தொட்டாள்.

"ஏங்க. நிறுத்தச் சொல்லுங்க. அந்த ரெண்டு புள்ளி ஒண்ணு பொய்."

அவர் நிமிர்ந்தார்.

"களிமண்ணு இல்லீங்க அது. என் ரொட்டி மாவு. ஈஸ்ட் போட்டது. ஒம்பதேகாலுக்கு அமுக்கிட்டுப் பத்தரைக்கு அளந்திருக்காரு."

"டின்னுல இருந்ததை எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு... அப்படின்னுதான் நான்..." மெக்கானிக் மச்சினரைப் பார்த்தார். "போன்ல கேட்டேனே மச்சான், எதை வச்சுன்னு. அளந்தாச்சுன்னு சொன்னதாலதான் நான் களிமண்ணு வாங்காம..."

"கையில இருந்ததை வச்சுன்னு சொன்னேன். பொய்யா? கையிலதான் இருந்துது." நிபுணர் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தீங்களா தலைவரே, இன்ஜின் முன்னாடி நின்னு ஓடுது. அதைவிட என்ன சாட்சி வேணும்? என் தங்கச்சி ரொட்டி மாவை வச்சு இன்ஜினுக்கு ஜோசியம் சொல்றா."

கூட்டத்தில் சிரிப்பு. ரொட்டிக்காரிக்குக் காது சுட்டது. கொட்டகைக்குள் அவள் வாயைத் திறந்ததே இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்த அண்ணனை ஊர் பார்க்க மறுத்து.

மெக்கானிக் சிரிக்கவில்லை. தகர மூடியை எடுத்து, உப்பிய மாவை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, பக்கத்துப் பட்டறையில் பிட்டரிடம் கேட்பது போல, தொழில்காரன் தொழில்காரனைக் கேட்கிற குரலில் கேட்டார்:

"இந்தத் தகரத்துக்கு அடியில... ஒண்ணேகால் மணி நேரம். எவ்வளவு ஏறும்?"

"நிழல்ல ரெண்டு மடங்கு. இங்க மூணு."

அவர் உதடு அசைந்தது. இரண்டு புள்ளி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. பூஜ்யம் புள்ளி ஏழு.

"குட்டி," என்றார் மகளிடம். "நிறுத்து."

சாவி திரும்பியது. கொட்டகை திடீரென்று காலியானது போல இருந்தது.

"அப்பா, நல்லாத்தானே ஓடுது?"

"நின்ன இடத்துல ஓடும். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து வர்றப்ப ஸ்பிரிங்கு பின்தங்கும். வால்வு மேல ஏற லேட்டாகும். பிஸ்டன் வந்து..." நிறுத்தினார். ஆனால் இந்த வாக்கியத்தைப் பாதியில் விட முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "அடிக்கும். வால்வு ஒடிஞ்சு உள்ள விழும். இன்ஜின் அப்படியே பூட்டிக்கும். சக்கரமும் பூட்டிக்கும்."

மலைப்பாதையின் பதினொன்றாவது வளைவு எப்படி இருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது.

மகள் கையுறையைக் கழற்றினாள். "எத்தனை மணி நேரம் ஆகும்?"

"கழட்ட ஒண்ணு. பாக்க அரை. தப்பா இருந்தா சரிபண்ணி மாட்ட மூணு."

மணி இரண்டே முக்கால். மைதானம் ஒரு மணி நேரத் தூரம். காரை ஏற்றிப்போக நாலு மணிக்கு லாரி வரும். இந்தக் கணக்கைப் போட நிபுணர் யாரும் தேவைப்படவில்லை.

"தள்ளிவைக்கிறது சங்கத்துக்கு மரியாதை இல்லையே," என்றார் தலைவர், மெல்லப் பின்வாங்கியபடி.

"தலைவரே, சங்கம் மலை ஏறலை. என் பொண்ணு ஏறுறா," என்றாள் ரொட்டிக்காரி.

ஹெட்டு கழன்றுகொண்டிருக்கும்போதே அவள் அடுப்பறையில் மாவு பிசைந்தாள். ஈஸ்ட் கிடையாது. மாவு, மாவில் பாதியளவு உப்பு, எண்ணெய், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ரொட்டிக்குப் பிசைகிற கைக்கு மாவு உயிரோடு இருக்க வேண்டும்; இதை அவள் செத்த மாவாகப் பிசைந்தாள். கட்டிப்பட வேண்டும், அமுக்கினால் அமுங்கின இடத்திலேயே கிடக்க வேண்டும். விரலை அழுத்தி நூறு எண்ணினாள். பள்ளம் அப்படியே இருந்தது. இன்னொரு நூறு எண்ணினாள்.

நாலு மணிக்கு லாரி வந்தது. லாரிக்காரர் இறங்கும்போதே, "ஏத்தலாமா? எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகணும்," என்றார். எட்டிப் பார்த்தார். "கார் எங்க? பாதிதான் இருக்கு?"

"பத்து நிமிஷம் அண்ணாச்சி," என்றாள் மகள்.

"பத்து நிமிஷம்னு சொல்றவங்க யாரும் பத்து நிமிஷத்துல..."

ரொட்டிக்காரி அவர் கையில் சூடான ரொட்டி ஒன்றை வைத்தாள். கூடவே வெண்ணெய். மனிதர் முகர்ந்து பார்த்தார். படிக்கட்டில் உட்கார்ந்தார். முதல் ரொட்டி முடிந்ததும் கேட்காமலே இரண்டாவது வந்தது. மெல்லுகிற மனுஷனுக்கு அவசரம் வராது என்பது அவள் தொழில் ரகசியம்.

உள்ளே ஹெட்டு ஏறியது. மெக்கானிக் கைப்பிடியைப் போட்டு இன்ஜினைச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. ஒரு இடத்தில் கை லேசாகத் தயங்கியதை அவளும் பார்த்தாள். திரும்ப ஹெட்டு இறங்கியது. மூன்றாவது ரொட்டியில் இருந்தார் லாரிக்காரர்.

பிஸ்டன் மேலிருந்த மாவில் பிறைகள் கத்தியால் செதுக்கியது போல விழுந்திருந்தன. மெக்கானிக் பிளேடை எடுத்தார்.  பிளேடை மனைவியிடம் நீட்டினார்.

"நீ வெட்டு. உனக்குத்தான் மாவு..."

அவள் ஒரே இழுப்பில் வெட்டினாள். மெல்லிய விளிம்பு நசுங்காமல் எடுத்து நிறுத்தினாள். மெக்கானிக் வெர்னியர் அளவுகோலின் தாடையை அதன் மேல் மெதுவாக மூடினார். படிக்கவில்லை. அதையும் அவள் பக்கமே திருப்பினார்.

"பூஜ்யம் புள்ளி ஆறு," என்று படித்தாள்.

 நிபுணர் கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். "கோட்பாட்டு ரீதியா..." என்று ஆரம்பித்தார். மகள் சாக்பீஸை எடுத்துச் சுவரிலிருந்த 2.1-ஐ ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 0.6 என்று எழுதினாள். நிபுணர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"செம்பு கேஸ்கட்டு இருக்கு," என்றார் மெக்கானிக், சுவரில் ஆணியில் தொங்கியதைக் காட்டி. "இதைவிட ஒரு மில்லி கனம் ஜாஸ்தி. இடைவெளி ஏறும். வேகம் கொஞ்சம்..."

"குறையும்," என்றாள் மகள். "பரவால்ல. ஆனா மாட்ட மூணு மணி நேரம். கதவைச் சாத்திருவாங்கப்பா."

"கார் ஓடி உள்ள போகணும்னு சட்டம் இருக்கா, இல்ல போனா போதுமா?" என்று கேட்டாள் ரொட்டிக்காரி.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இன்ஜின் முழங்க, கூட்டம் கைதட்ட, கார் கம்பீரமாக உள்ளே நுழையும் என்பது நிபுணர் தலைவரிடம் சொன்ன கதை. சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை. நாலு சக்கரம் கோட்டைத் தாண்டினால் போதும். இத்தனை நாள் அந்தக் கதையையே எல்லோரும் சட்டமென்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்டை ரொட்டித் தட்டில் வைத்து, மாவு மூட்டைத் துணியால் பொதிந்து, அவள் மடியில் ஏற்றினார்கள். லாரி நாலே முக்காலுக்குக் கிளம்பியது. பின்னாலேயே வந்த தலைவரின் காரில் நிபுணர் வந்தார். யாரும் அழைத்ததாக ஞாபகம் இல்லை.

வழியில் ஒரு பாலத்தில் நெரிசல். லாரிக்காரர் ஹாரன் அடித்தார், திட்டினார், பிறகு நாலாவது ரொட்டியைக் கேட்டு வாங்கினார். ரொட்டிக்காரி மடியிலிருந்த பாரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தாள். வால்வுகள் துணிக்குள் லேசாகக் கிணுகிணுத்தன.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் காரை இறக்கினார்கள். கதவுக்கு நூற்றைம்பது அடி. லேசான ஏற்றம்.

மற்ற பந்தயக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். இன்ஜின் மூடி திறந்து, தலையில்லாமல், வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு கார். மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளினாள். மெக்கானிக்கும் லாரிக்காரரும் பின்னால். ரொட்டிக்காரி ஹெட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தாள். பாதி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. சக்கரம் ஒரு அடி பின்வாங்கியது. கதவுக்காரர் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"அண்ணே!" என்று கத்தினாள். "அந்தக் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வாண்ணே!"

நிபுணர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். கோட்டு கழன்றது. உள்ளே சட்டையின் முதுகில் ஒரு பெரிய கிழிசல். பாவம், அதனால்தான் இத்தனை வெயிலிலும் கழற்றாமல் இருந்திருக்கிறார். வந்து தங்கைக்குப் பக்கத்தில் கையை வைத்து, பல்லைக் கடித்துத் தள்ளினார். அந்த மனுஷன் பட்டறை சம்பந்தமாகச் செய்த முதல் உருப்படியான வேலை.

கார் கோட்டைத் தாண்டியபோது ஐந்து ஐம்பத்தெட்டு. பின்பக்கம் முழுக்க மாவுக் கைத்தடம்.

"இன்ஜின் கோளாறா?" என்றார் கதவுக்காரர்.

"திட்டமிட்டபடிதான் நடக்குது," என்றார் நிபுணர், மூச்சிரைக்க.

மறுநாள் காலையில் மகளின் முறை ஒன்பதாவது. செம்பு கேஸ்கட்டோடு ஹெட்டு மாட்டி, இடைவெளியை இன்னொரு தடவை உப்பு மாவில் பார்த்திருந்தார்கள்: ஒன்றரைக்கு ஒரு மயிரிழை கூட. கொடி இறங்கியது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதல் வளைவில் மறைந்தது. அதற்கப்புறம் சத்தம்தான்.

ரொட்டிக்காரிக்கு வளைவுகளை எண்ணத் தெரியும். சத்தம் இறங்கி ஏறினால் ஒன்று. ஆறு. ஏழு. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு நீண்ட நேர்பாதை. அங்கேதான் எட்டாயிரம். சத்தம் ஏறிக்கொண்டே போனது. மெக்கானிக் கண்ணை மூடியிருந்தார். சத்தம் இன்னும் ஏறி, உச்சியில் நின்று, பட்டென்று அறுந்தது.

அவள் புருஷன் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மறுபடி எழுந்து, பன்னிரண்டாவது வளைவில் இறங்கி, ஏறியது.

"பாறை மறைக்கும்," என்றார் மெக்கானிக். "அதை முன்னாடியே உங்கிட்ட..."

"சொல்லியிருக்கணும்," என்றாள் அவள்.

நேரத்தில் மகளுக்கு நாலாவது இடம். அணியின் ஆள் அவள் காரைச் சுற்றி வந்து, நீல மூடியையும் செம்பு விளிம்பையும் குனிந்து பார்த்தார். "இதை வச்சா இந்த நேரம்?" என்றார். பையிலிருந்து தாளை எடுத்து அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த நிபுணர் அதற்குள் இடையில் புகுந்துவிட்டார். "அஞ்சு குடும்பத்துப் பாகங்கள், சார். இந்த இடைவெளி விஷயத்துல எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்துது. கோட்பாட்டு ரீதியா பார்த்தா..."

"அண்ணே, கையை நீட்டு," என்றாள் ரொட்டிக்காரி.

பேச்சை நிறுத்தாமலே நீட்டினார். அவள் முந்தைய நாள் வெட்டிய உப்பு மாவுத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஓர் இரவில் எலும்பு போலக் காய்ந்திருந்தது. விளிம்பு நகத்தின் கனம்கூட இல்லை.

நிபுணர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு கையைப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியை உதறிக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார்.

கையை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.